எல்லோருக்கும் ஒரே மாதிரி தப்பாக ஞாபகம் இருப்பது எப்படி? உங்களுக்கு நடந்ததைச் சொல்லுங்கள்

போகிமான் கார்ட்டூனில் வரும் பிகாச்சுவை நினைவிலிருந்து வரையச் சொன்னால் என் அலுவலகத்தில் பெரும்பாலோர் வால் நுனியில் கருப்பு பூசுகிறார்கள். உண்மையில் கருப்பு இருப்பது காது நுனியில்தான். வால் மஞ்சள், உடம்போடு சேரும் இடத்தில் மட்டும் கொஞ்சம் பழுப்பு. ஒருவர் தப்பாக வரைந்தால் மறதி என்று விட்டுவிடலாம். ஒருவர் தாளை ஒருவர் பார்க்காமல் வரைந்தவர்கள் அதே இடத்தில் அதே நிறத்தைப் பூசினால் என்ன சொல்வது? 'மண்டேலா விளைவு' என்கிறார்கள். உங்கள் அனுபவத்தை எழுதுங்கள். காரணம் என்று உங்களுக்குத் தோன்றுவதையும் எழுதுங்கள், எவ்வளவு விசித்திரமாக இருந்தாலும் சரி.

* * *

அந்தப் பெயருக்குக் காரணமான கூட்டத்தில் நானும் ஒருத்தன். நெல்சன் மண்டேலா எண்பதுகளில் சிறையிலேயே இறந்துவிட்டார் என்றுதான் ரொம்ப நாள் நினைத்திருந்தேன். டிவியில் பெரிய கூட்டம், பாட்டு, அழுகை எல்லாம் இன்னும் கண்ணுக்குள் நிற்கிறது. என் அண்ணனுக்கும் அப்படியே. ஆனால் அவர் 1990 பிப்ரவரி 11 அன்று விடுதலையாகி, 1994-இல் அதிபராகி, 2013 டிசம்பரில்தான் காலமானார். ஃபியோனா புரூம் என்ற அமெரிக்க எழுத்தாளர், தன்னைப் போலவே வேறு பலருக்கும் இந்த ஞாபகம் இருப்பதைக் கவனித்து 2009 வாக்கில் வைத்த பெயர் இது.

பழைய செய்திகளைத் தேடியபோது சில துண்டுகள் கிடைத்தன. 1977-இல் போலீஸ் காவலில் இறந்தவர் ஸ்டீவ் பிகோ, அவரும் தென்னாப்பிரிக்க நிறவெறி எதிர்ப்புப் போராளி. அவருடைய இறுதிச் சடங்குக்கு ஆயிரக்கணக்கானோர் வந்தார்கள். 1988 ஜூனில் மண்டேலாவின் 70-வது பிறந்தநாளுக்காக லண்டன் வெம்பிளி மைதானத்தில் பெரிய இசை நிகழ்ச்சி நடந்து, பல நாடுகளில் ஒளிபரப்பானது. அதே ஆண்டு அவருக்குக் காசநோய் வந்து ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். கூட்டம், பாட்டு, ஆஸ்பத்திரி, காவலில் ஒரு சாவு எல்லாமே நடந்தவைதான். ஒட்டுப்போட்டது மட்டும் என் வேலை. அண்ணன் இதை ஏற்கவில்லை. "அப்போ ரெண்டு பேரும் எப்படி ஒரே மாதிரி ஒட்டினோம்?" என்கிறார். நியாயமான கேள்விதான்.

* * *

நானும் அக்காவும் இரட்டையர். சில நிமிடம் முன்னால் பிறந்ததால் அவள் அக்கா. பள்ளியில் குளவி கொட்டி, டீச்சர் தூக்கிக்கொண்டு ஓடியது எனக்கு நடந்தது. இல்லை, தனக்குத்தான் என்பாள் அவள். கொட்டிய விரல், டீச்சரின் கைக்கடிகாரம் வரை இருவரும் சொல்வோம், ஒத்தும் போகும். அம்மாவைக் கேட்டால் கொட்டியது பெரியம்மா மகளை. நாங்கள் இரண்டு பேரும் அன்று காய்ச்சலில் வீட்டில் படுத்திருந்தோமாம். ஷீன், கெம்ப், ரூபின் என்ற ஆய்வாளர்கள் 2001-இல் இதைப் பற்றியே எழுதியிருக்கிறார்கள். இரட்டையர்கள் ஒரே சம்பவத்தை 'எனக்குத்தான் நடந்தது' என்று ஆளுக்கொரு பக்கம் உரிமை கொண்டாடுவார்களாம். அக்காவுக்கு அனுப்பினேன். "பார்த்தியா, நீ இப்படித்தான்" என்று பதில் வந்தது.

* * *

எல்லாவற்றையும் மறதிக் கணக்கில் எழுதிவிடுகிறீர்கள். நான் இணைப் பிரபஞ்சக் கட்சி. மோனோபோலி விளையாட்டுப் பெட்டியில் வரும் தாத்தா ஒரு கண்ணில் மட்டும் மாட்டும் ஒற்றைக் கண்ணாடி போட்டிருந்தார். சின்ன வயதில் பெட்டியின் மேல் அந்தக் கண்ணாடிக் கயிற்றைப் பேனாவால் நீட்டி வரைந்தது எனக்கு நினைவிருக்கிறது. இப்போது எந்தப் பெட்டியைப் பார்த்தாலும் கண்ணாடி இல்லை. செர்ன் என்ற இயற்பியல் ஆய்வகம் ஜெனீவா அருகே 27 கிலோமீட்டர் நிலத்தடி வளையத்தில் உள்ள தன் பெரிய துகள் மோதல் கருவியில் (எல்.எச்.சி.) முதன்முதலில் துகள்களைச் சுற்றவிட்டது 2008 செப்டம்பரில். இந்தப் பேச்சு கிளம்பியது 2009-இல். நாம் வேறொரு கிளைக்குத் தாவிவிட்டோம், பழைய ஞாபகம் மட்டும் கூடவே ஒட்டிக்கொண்டு வந்துவிட்டது. சிரிப்பவர்கள் சிரிக்கலாம்.

* * *

சிரிக்கவில்லை. உலகம் கிளை கிளையாகப் பிரிந்துகொண்டே போகிறது என்ற 'பல உலக'க் கருத்தை 1957-இல் முன்வைத்தவர் இயற்பியலாளர் ஹ்யூ எவரெட். அந்தக் கருத்துப்படி பிரிந்துபோன கிளைகளுக்கு நடுவே போக்குவரத்தே கிடையாது. ஒரு கிளையின் ஞாபகம் அடுத்ததற்கு வர அவர் வழி எதுவும் வைக்கவில்லை. தேதியும் உதைக்கிறது. ஷெர்லாக் ஹோம்ஸ் "எலிமென்டரி, மை டியர் வாட்சன்" என்பார் என்று எல்லோருக்கும் தெரியும். கோனன் டாயிலின் கதைகளில் அந்த வரி அப்படியே எங்கும் இல்லை. அந்த வளையம் தோண்டுவதற்கு வெகுகாலம் முன்பே தலைமுறைகள் அந்த வரியை 'ஞாபகம்' வைத்திருந்தன.

இன்னொன்று. கிளை மாறியவர்களுக்கு ஏன் எப்போதும் லோகோவும் எழுத்துக்கூட்டலும் மட்டும் மாறுகின்றன? வீட்டு வாசற்கதவு இடப்பக்கத்திலிருந்து வலப்பக்கம் போய்விட்டதாக ஒருவரும் புலம்பக் காணோம். தினமும் கைபடும் பொருள் அப்படியே இருக்கிறது, ஓரக்கண்ணால் பார்த்தது மாறிவிடுகிறது. பிரபஞ்சம் அவ்வளவு நாசூக்காகவா தப்பு செய்யும்?

* * *

செய்திப் படங்களைச் சேமித்து வைக்கும் காப்பகம் ஒன்றில் வேலை பார்த்திருக்கிறேன். இல்லாத காட்சியைக் கேட்டு வருகிறவர்கள் உண்டு. 1989 ஜூன் 5 அன்று பெய்ஜிங்கில் டாங்கி வரிசையை மறித்து நின்ற மனிதரின் படத்தைக் கேட்பார்கள். போட்டுக் காட்டினால், "இது இல்லை, டாங்கி அவர்மேல் ஏறுமே, அது" என்பார்கள். எடுக்கப்பட்ட படத்தில் டாங்கி நிற்கிறது, விலகப் பார்க்கிறது, கடைசியில் சிலர் வந்து அவரை அழைத்துக்கொண்டு போகிறார்கள். ஏறும் காட்சி கிடையாது என்றால் நாங்கள் மறைக்கிறோம் என்று கோபம். முந்தைய நாள் நடந்த படுகொலையைப் பற்றிக் கேட்டதும் இந்தப் படமும் கலந்திருக்கும் என்பது என் ஊகம்.

இதைச் சோதித்தே பார்த்திருக்கிறார்கள். 1992 அக்டோபர் 4 அன்று ஆம்ஸ்டர்டாமில் சரக்கு விமானம் ஒன்று அடுக்குமாடிக் குடியிருப்பின்மேல் விழுந்தது. மோதிய கணத்தை யாரும் படம் பிடிக்கவில்லை. சில மாதம் கழித்து, 'விமானம் மோதியதை டிவியில் பார்த்தீர்களா?' என்று கேட்டதற்கு 55 சதவீதம் பேர் பார்த்தேன் என்றார்கள். அந்தக் கேள்வியே பாதி வேலையைச் செய்துவிட்டது.

* * *

மண்டேலா பற்றி எழுதியவரின் அண்ணன் கேட்ட கேள்விக்கு வருகிறேன், இரண்டு பேரும் எப்படி ஒரே மாதிரி ஒட்டினார்கள் என்ற கேள்விக்கு. நான் ஆசிரியை. வகுப்பில் இந்த விளையாட்டு விளையாடுவேன். மெதுவாக வாசிப்பேன்: கட்டில், தலையணை, போர்வை, கொட்டாவி, குறட்டை, கனவு, இரவு, களைப்பு, ஓய்வு, விழிப்பு, தாலாட்டு, மெத்தை. கொஞ்ச நேரம் வேறு ஏதாவது பேசிவிட்டு, நினைவிருப்பதை எழுதச் சொல்வேன். தாள்களை வாங்கிப் பார்த்தால் பலரும் 'தூக்கம்' என்று எழுதியிருப்பார்கள். நான் அதை வாசிக்கவே இல்லை. "சொன்னீங்க மிஸ், தலையணைக்கு அடுத்து சொன்னீங்க" என்று இடத்தோடு சாட்சி சொல்வார்கள். பட்டியலைக் காட்டினால் நான் அழித்துவிட்டேன் என்று ஒரு குற்றச்சாட்டு வேறு.

இது டீஸ் என்ற உளவியலாளர் 1959-இல் செய்து பார்த்தது. 1995-இல் ரோடிகரும் மெக்டெர்மட்டும் மறுபடி எடுத்தார்கள். அவர்களுடைய முதல் சோதனையில் சொல்லாத சொல்லை 40 சதவீதம் அளவுக்கு எழுதினார்கள். எனக்கு இதில் பிடித்தது, யாரும் 'யானை' என்று எழுதுவதில்லை என்பதுதான். தப்பு தாறுமாறாகச் சிதறுவதில்லை. ஒரே மொழியில், ஒரே பழக்கத்தில் வளர்ந்த மூளைகள் ஒரே பள்ளத்தில் விழுகின்றன. தொப்பி, மீசை, கைத்தடி, பணக்காரத் தாத்தா என்று வரிசையாக வந்தால் அடுத்தது ஒற்றைக் கண்ணாடிதானே? கோவித்துக்கொள்ளாதீர்கள், செர்ன்காரரே. பேனாவால் வரைந்தது உண்மையாகவே இருக்கலாம். வேறு ஏதாவது தாத்தாவுக்கு வரைந்திருப்பீர்கள்.

* * *

டீச்சர் சொல்வது பாதிக்குத்தான் பொருந்தும் என்பேன். சிகாகோ பல்கலைக்கழகத்தின் தீபாஸ்ரீ பிரசாத், வில்மா பெயின்பிரிட்ஜ் இருவரும் 2022-இல் வெளியிட்ட ஆய்வில் பிரபலமான 40 படங்களை எடுத்துக்கொண்டார்கள். எல்லாவற்றிலும் மக்கள் ஒரே மாதிரி தவறவில்லை. ஏழு படங்களில் மட்டுமே ஒரே தப்பு திரும்பத் திரும்ப வந்தது. பிகாச்சு, மோனோபோலி தாத்தா, ஃபோக்ஸ்வேகன் சின்னம் எல்லாம் அந்த ஏழில் உண்டு. சரியான படத்தைக் காட்டிவிட்டு உடனே வரையச் சொன்னாலும் அதே தப்பு வந்ததாம். ஃப்ரூட் ஆஃப் த லூம் ஆடைச் சின்னத்தில் பழங்களுக்குப் பின்னால் கொம்பு வடிவக் கூடை இருந்ததாகப் பலர் சத்தியம் செய்கிறார்கள். பழக்கத்தால் வந்த ஞாபகம் என்றால் தட்டு அல்லவா வந்திருக்க வேண்டும்? பழத்தைக் கொம்புக்குள் யார் தினமும் பார்க்கிறார்கள்? ஏழுக்கும் சேர்த்து ஒரே காரணம் அந்த ஆய்வுக்கும் கிடைக்கவில்லை.

அதனால் ஒரு வேண்டுகோள். 'இது உனக்கும் ஞாபகம் இருக்கா?' என்று கேட்டால் ஆம்ஸ்டர்டாம் கதைதான் நடக்கும். எதையும் சொல்லாமல் தாளைக் கொடுங்கள். வரைந்து முடித்த பிறகு பேசுங்கள்.

* * *

செய்து பார்த்தாச்சு, செர்ன்காரர்தான் எழுதுகிறேன். தம்பியிடம் எதுவும் சொல்லாமல் மோனோபோலி தாத்தாவை வரையச் சொன்னேன். ஒற்றைக் கண்ணாடி போட்டான், கயிற்றோடு. எனக்கு ஒரே குஷி. தங்கை தொப்பி, மீசை, கைத்தடி எல்லாம் வரைந்தாள், கண்ணாடி போடவில்லை. விட்டிருக்கலாம். "கண்ணாடி இருக்குமே, ஞாபகமில்லையா?" என்று கேட்டுத் தொலைத்தேன். கொஞ்சம் யோசித்துவிட்டு, "ஆமாண்ணா, இருந்தது, நீகூட அதுல பேனாவால கிறுக்கினியே" என்றாள். பேனா விஷயத்தை நான் அவளிடம் அன்று சொல்லவில்லை. முன்னால் எப்போதாவது சொல்லியிருக்கிறேனா என்றும் தெரியவில்லை. டீச்சர், இவளை எந்தக் கணக்கில் சேர்ப்பது?