டிராக்டர் சக்கரத்தில் பெயிண்ட் குமிழ் விடுது, சனிக்கிழமைக்குள் முடிக்கணும்!!

கிராஞ்சி_மண்வெட்டி | திங்கள், இரவு 10:42
அவசர உதவி. பழைய தோட்ட டிராக்டர். சக்கரத்தை எல்லாம் தேய்ச்சு, பிரைமர் (அடிப்பூச்சு) அடிச்சு, மஞ்சள் அடிச்சேன். ரெண்டு வாரம் கண்ணாடி மாதிரி இருந்துச்சு. இப்போ அம்மை போட்ட மாதிரி குமிழ் குமிழா கிளம்புது. தேய்ச்சுட்டு மறுபடி அடிச்சேன், அதே இடத்தில் மறுபடியும். சனிக்கிழமை பண்ணைக்கு ஆளுங்க வர்றாங்க. எந்த பெயிண்ட் வாங்கணும்?

நட்டுபோல்ட்டு | இரவு 10:58
எந்த வண்டி? குமிழ் முன் சக்கரமா, பின் சக்கரமா? ஸ்பிரே டின்னா, ஸ்பிரே கன்னா, பிரஷ்ஷா? பிரைமர் என்ன வகை? டயரைக் கழற்றிட்டு அடிச்சீங்களா? துருவுக்கு ஏதாவது தடவினீங்களா? இதெல்லாம் தெரியாம பெயிண்ட் பேரைக் கேட்டா எப்படி?

காக்கிபுக்கிட்_ஸ்பிரே | இரவு 11:20
சாயங்காலம் வேலை முடிஞ்சு ஏழு மணிக்கு அடிச்சிருப்பீங்க. ஈரம்தான் காரணம். இங்கே சிங்கப்பூர்ல விடியற்காலை ஈரப்பதம் 90 சதவீதத்துக்கு மேல, மழையில்லாத பிற்பகல்ல 60 பக்கம் இறங்கும். 85-க்கு மேல இருந்தா டின்னைத் தொடாதீங்க. இரும்போட சூடு பனிநிலையைவிட (காத்துல உள்ள ஈரம் தண்ணியாப் படியுற சூடு) 3 டிகிரியாவது கூட இருக்கணும். நம்ம ஊர்ல பனிநிலை 24 டிகிரி பக்கம், அதனால இருட்டினதும் இரும்பு கண்ணுக்குத் தெரியாம வேர்க்கும். பகல் 12-லேர்ந்து 3-க்குள்ள அடிச்சு முடிங்க.

பழையஇரும்பு | செவ்வாய், காலை 6:35
இந்தக் கேள்விக்கு மாதம் ஒரு முறை பதில் எழுதுகிறோம். தேடிப் பார்க்கும் பழக்கம் யாருக்கும் இல்லை. "பழைய தோட்ட டிராக்டர்", "மஞ்சள்" என்றால் ஜான் டியர் நிறுவனத்து வண்டியாக இருக்கும் என்று நானே யூகித்துக்கொள்ள வேண்டியிருக்கிறது. 110 மாடல் என்றால் 1963 முதல் 1974 வரை வந்தது. வட்ட மட்கார்டா, தட்டை மட்கார்டா என்றாவது சொல்லலாமே. மேலும், அந்த நிறுவனத்தின் விவசாய மஞ்சள் வேறு, கட்டுமான வண்டி மஞ்சள் வேறு. கடைக்காரர் எடுத்துக் கொடுத்த மஞ்சளை அடித்திருந்தால் குமிழ் விட்டதே நல்லது, திரும்ப அடிக்க ஒரு வாய்ப்பு.

கிராஞ்சி_மண்வெட்டி | காலை 7:10
110தான். மட்கார்டு தட்டை. குமிழ் பின் சக்கரத்தில். டின் ஸ்பிரே. பிரைமர் சாம்பல் கலர். டயர் கழற்றல, டேப் ஒட்டித்தான் அடிச்சேன். மத்தியானம்தான் அடிச்சேன்.

நட்டுபோல்ட்டு | காலை 7:31
சாம்பல்ங்கிறது கலர் தம்பி, வகை இல்ல. சரி, பெயிண்டை விடுங்க. ஒரு குமிழை ஊசியால் குத்தி, பிளேடால் தோலை உரிச்சுப் பாருங்க. மஞ்சள் மட்டும் உரிஞ்சு பிரைமர் இரும்போட ஒட்டியிருந்தா, அது பூச்சுக்குப் பூச்சு இடைவெளித் தகராறு. டின் எனாமல் பலதில் அடுத்த பூச்சை 1 மணி நேரத்துக்குள்ள அடிக்கணும், தவறினா 48 மணி நேரம் காத்திருக்கணும். நடுவுல அடிச்சா சுருங்கித் தூக்கும். பிரைமரோட உரிஞ்சு அடியில் இரும்பு பளபளன்னு இருந்தா, எண்ணெயோ கிரீஸோதான் காரணம். தண்ணி கசிஞ்சு அடியில் பழுப்பா இருந்தா, அங்கே துருவோட வேற ஏதோ ஒண்ணும் உட்கார்ந்திருக்கு.

கிராஞ்சி_மண்வெட்டி | மதியம் 12:50
தண்ணி வந்துச்சு. அடியில் பழுப்பு.

காக்கிபுக்கிட்_ஸ்பிரே | மதியம் 1:04
தண்ணி வந்துச்சா? அப்போ நான் சொன்னதுதான்.

நட்டுபோல்ட்டு | மதியம் 1:15
இல்லண்ணே. அடிக்கும்போது பட்ட ஈரம் மேல்பூச்சை வெளுக்க வைக்கும், பளபளப்பைக் கெடுக்கும். ரெண்டு வாரம் கழிச்சு, ரெண்டு தடவையும் ஒரே இடத்தில் குமிழ் விடாது.

பவுடர்கோட்_பக்தன் | மதியம் 2:40
எதுக்கு இவ்வளவு பாடு? பவுடர் கோட்டிங் (பொடிப் பெயிண்டை அடிச்சு அடுப்பில் உருக்கிப் பிடிக்க வைக்கிறது) கொடுத்துடுங்க. 180, 200 டிகிரி அடுப்பில் வெந்து வந்தா பத்து வருஷம் திரும்பிப் பார்க்க வேண்டாம்.

பழையஇரும்பு | மாலை 3:02
அந்தக் காலத்துச் சக்கரத்துக்குப் பவுடர் கோட்டிங்கா! நெகிழிப் பொம்மை போல இருக்கும். குழி விழுந்த ரிம்மில் சாதாரண பட்டி வைத்து நிரப்பினால் அந்தச் சூட்டைத் தாங்காது. நிரப்பாமல் அடித்தால் ஒவ்வொரு குழியும் தெரியும். முன் சக்கரம் என்றால் புஷ், பேரிங், கிரீஸ் அத்தனையும் வெளியே எடுத்தாக வேண்டும், இல்லையேல் அடுப்பில் கிரீஸ் உருகி வழிந்து கோட்டிங் கெடும். எனாமலில் கீறல் விழுந்தால் பிரஷ்ஷால் தொட்டுவிடலாம். பவுடரில்?

பவுடர்கோட்_பக்தன் | மாலை 3:20
பொம்மை மாதிரி இருக்கா இல்லையாங்கிறது பளபளப்பு எத்தனை சதவீதம் கேட்டு வாங்குறோம்ங்கிறதைப் பொறுத்தது. நீங்க பார்த்தது முழுப் பளபளப்பு. 60, 70 கேட்டு வாங்குங்க.

நட்டுபோல்ட்டு | மாலை 3:33
எந்தப் பூச்சா இருந்தாலும் ஒண்ணு. சக்கரத்தை மாட்டுற ஹப்போட ஒட்டுற முகத்திலும் போல்ட் உட்கார்ற குழியிலும் பூச்சு கூடாது, மாஸ்க் பண்ணுங்க. பவுடர் 60 முதல் 80 மைக்ரான் கனம் வரும். போல்ட்டை முறுக்கினதும் அது நசுங்கும், பிடி தளரும், சக்கரம் ஆட ஆரம்பிக்கும். பூச்சு படாம வெச்சாலும் ஒரு மணி நேரம் ஓட்டிட்டு அஞ்சு போல்ட்டையும் மறுபடி முறுக்கிடுங்க.

தேம்பனிஸ்_தேடல் | மாலை 4:15
நடுவுல வர்றேன், மன்னிக்கணும். வீவக (அரசு அடுக்குமாடி) வீட்டு பால்கனியில் சைக்கிள் ரிம்முக்கு 2கே (ஹார்டனர் கலந்து இறுகுற ரெண்டு பாகப் பெயிண்ட்) ஸ்பிரே டின் அடிக்கலாமா?

காக்கிபுக்கிட்_ஸ்பிரே | மாலை 4:22
கூடாது. ஹார்டனர்ல ஐசோசயனேட் இருக்கு, ஒரு தடவை ஒத்துக்காமப் போனா அப்புறம் கொஞ்சம் பட்டாலே ஆஸ்துமா மாதிரி இழுக்கும். கரி வடிகட்டி மாஸ்க் தீர்ந்துபோனாலும் வாசனையை வெச்சுக் கண்டுபிடிக்க முடியாது. பக்கத்து வீட்டு ஜன்னலையும் நினைச்சுப் பாருங்க. ஒரு பாக எனாமலைப் பிரஷ்ஷால் பூசுங்க.

தோட்டக்காரி | மாலை 6:48
பெயிண்ட் எனக்குத் தெரியாது. ஒண்ணு மட்டும் கேக்கிறேன் தம்பி. அந்த வண்டி வழக்கமா நிக்கிற இடத்தில், பின் சக்கரத்துக்கு அடியில் புல் எப்படி இருக்கு?

கிராஞ்சி_மண்வெட்டி | இரவு 8:05
அக்கா, இடது பக்கம் ஒரு தட்டு அளவுக்கு மொட்டை. எண்ணெய் சொட்டுதுன்னு நினைச்சேன். குமிழும் இடது சக்கரத்தில்தான் ஜாஸ்தி, வால்வைச் சுத்தி.

தோட்டக்காரி | இரவு 8:11
எண்ணெய் பட்ட மண் கறுத்து வாசம் அடிக்கும். மண் நிறம் மாறாம புல் மட்டும் போனா எனக்கு உப்புன்னுதான் தோணும்.

ஜூரோங்_வெல்டர் | இரவு 8:40
அக்கா பிடிச்சுட்டாங்க. வண்டி அமெரிக்காவிலிருந்து வந்ததா? அங்கே பின் டயருக்குள்ள பாரத்துக்காகத் தண்ணி ஊத்துவாங்க, குளிர்ல உறையாம இருக்க கால்சியம் குளோரைடு கலப்பாங்க. வால்வுத் தண்டுப் பக்கம் கசிஞ்சா ரிம்மை உள்ளிருந்து தின்னும். இந்த உப்போட குணம், காற்றில் ஈரப்பதம் 30 சதவீதம் இருந்தாலே தண்ணியை இழுத்துத் தானே கரையும். நம்ம ஊர்ல அது காய்றதுக்கு ஒரு நாள்கூடக் கிடைக்காது. பெயிண்டுக்கு அடியில் துளி உப்பு மாட்டினா, அது பூச்சு வழியாவே ஈரத்தை இழுத்துக் குமிழை ஊதும். அதனாலதான் தேய்ச்சும் அதே இடம். தேய்க்கும்போது குழிக்குள்ள உப்பை இன்னும் அழுத்தித்தான் விட்டிருக்கீங்க.

சந்தேகம் இருந்தா காய்ச்சி வடித்த நீரில் பஞ்சை நனைச்சு குழியில் ஒத்தி எடுங்க. அதுல ஒரு சொட்டு சில்வர் நைட்ரேட். பால் மாதிரி வெளுத்தா குளோரைடு. குழாய்த் தண்ணி வேண்டாம், அதுலயே குளோரைடு இருக்கு, பொய்யா வெளுக்கும்.

நட்டுபோல்ட்டு | இரவு 9:26
அப்போ செய்ய வேண்டியது இதுதான். வண்டியை ஜாக்கி போட்டு ஸ்டாண்டில் நிறுத்துங்க. வால்வு உச்சியில் இருக்கும்போது காற்றை இறக்கி வால்வுக்குள்ள இருக்கிற ஊசியைக் கழற்றுங்க, அப்புறம் சக்கரத்தைத் திருப்பி வால்வைக் கீழே கொண்டுவந்து வாளியில் வடிங்க. 23×8.50-12 டயர்னா 20 லிட்டருக்கு மேல கூட வரும். கண்ணாடி, கையுறை போடுங்க. வடிஞ்சதைக் கால்வாயில் விடாதீங்க, அது நேரா கிராஞ்சி நீர்த்தேக்கத்துக்குப் போகும்; கேனில் பிடிச்சு கழிவு எடுக்கிறவங்ககிட்ட கொடுங்க. இங்கே எதுவும் உறையப் போறதில்ல, பாரம் வேணும்னா திரும்ப வெறும் தண்ணி போதும், அதுவும் டியூபுக்குள்ள.

டயரை முழுசாக் கழற்றணும், டேப் ஒட்டுற கதை இனி வேண்டாம். அழுத்தத் தண்ணியில் கழுவுங்க, கம்பி பிரஷ் போடுங்க, ஒரு ராத்திரி அப்படியே விடுங்க. காலையில் எங்கே கறுப்பா, ஈரமா துரு பூக்குதோ அங்கே உப்பு இன்னும் இருக்கு. திரும்பக் கழுவுங்க. மூணு, நாலு சுற்று ஆகும். கிரிட் பிளாஸ்டிங் (துகளை வேகமா அடிச்சுத் துருவைச் சுரண்டுறது) கொடுத்தாலும் கழுவிட்டுத்தான் கொடுக்கணும். கடைசியாகக் காய்ச்சி வடித்த நீர், ஹீட் கன், 80 கிரிட் தேய்ப்புத்தாள், எண்ணெய் போக்குற டீகிரீசர், அன்னைக்கே எபாக்சி பிரைமர் ரெண்டு கோட். துரு மாற்றி ஆசிட் எதையும் எபாக்சிக்கு அடியில் வைக்காதீங்க, பிடிக்காது. ரிம்மின் உள்பக்கமும் பூசணும், துரு ஆரம்பிச்சதே அங்கேதான். சனிக்கிழமைக்கு முடியாது.

பழையஇரும்பு | புதன், காலை 6:20
நான் கேட்டது எந்த மஞ்சள் என்பதற்கு இன்னும் பதில் வரவில்லை.

காக்கிபுக்கிட்_ஸ்பிரே | காலை 8:02
உப்பே இருந்தாலும் எபாக்சியைப் பகல்ல அடிங்க. சொல்லிட்டேன்.

கிராஞ்சி_மண்வெட்டி | வியாழன், இரவு 9:55
இடது டயர்ல தண்ணி இருந்துச்சு, வலது காலி. வால்வுப் பக்கம் விரல் நுழையுற ஓட்டை. டயர் ஒரு பக்கம்தான் கழன்டு வந்துச்சு, மறுபக்கம் ஒட்டிக்கிட்டு வரல. நாளைக் காலை அப்படியே ஒரு தகடு வெச்சு வெல்டு பண்ணிடுறோம். எல்லாருக்கும் நன்றி, அக்காவுக்கு ரொம்ப.

ஜூரோங்_வெல்டர் | இரவு 10:01
நிறுத்துங்க! ரிம்மில் டயர் இருக்கும்போது வெல்டு வைக்கவே கூடாது. காற்று இறக்கியிருந்தாலும், ஒரு பக்கம் கழன்டிருந்தாலும். சூட்டில் ரப்பர் ஆவியாகி உள்ளே தேங்கும், தீ பிடிச்சா டயர் குண்டு மாதிரி வெடிக்கும். மறுபக்கம் வரலைன்னா சோப்புத் தண்ணி ஊத்தி ஊற விட்டு நெம்புங்க, அதுக்கும் மசியலைன்னா டயரை அறுத்து எடுங்க. டயர் போனா போகட்டும்.

ஜூரோங்_வெல்டர் | வெள்ளி, காலை 6:48
கிராஞ்சி_மண்வெட்டி, பார்த்தீங்களா?

தோட்டக்காரி | காலை 7:15
தம்பி, ஒரு வார்த்தை எழுதுங்க.