சிகரெட், பீடியை நிறுத்தும்போது எங்கே இடறுகிறது? அனுபவப் பகிர்வு

மருந்தாளுநர், மதுரை

சிகரெட்டை நிறுத்துவதற்காக நிக்கோட்டின் சூயிங்கம் வாங்கிப் போகிறவர்கள் நாலே நாளில் திரும்பி வந்து சொல்வது பெரும்பாலும் ஒன்றுதான்: “விக்கலும் நெஞ்செரிச்சலும்தான் வருது சார், தம் ஆசை அப்படியே இருக்கு.” எப்படி மென்றீர்கள் என்று கேட்டால் காரணம் தெரிந்துவிடும். விடாமல் மென்று, ஊறுகிற எச்சிலையெல்லாம் விழுங்கியிருப்பார்கள். அந்த நிக்கோட்டின் வாயின் உள்தோல் வழியாக ரத்தத்தில் ஏற வேண்டியது. வயிற்றுக்குப் போனால் எரிச்சல்தான் மிச்சம். குடலில் உறிஞ்சப்படுவதிலும் பெரும்பகுதியைக் கல்லீரல் வழியிலேயே சிதைத்துவிடும்.

ஒரு கம்மை வாயில் போட்டு மெதுவாகப் பத்துப் பதினைந்து தடவை கடியுங்கள். நாக்கில் மிளகுக் காரம் சுருக்கென்று தெரிந்ததும் நிறுத்துங்கள். கன்னத்துக்கும் ஈறுக்கும் நடுவில் ஒதுக்கி வைத்துவிட்டுச் சும்மா இருங்கள். ஒரு நிமிடம் போல ஆனதும் சுருக் அடங்கும். மறுபடி நாலைந்து கடி, இந்தத் தடவை மறு கன்னம். அரை மணி நேரம் இப்படி ஓடும். அதன் பிறகு காரம் வராது, துப்பிவிடலாம்.

டீ, காபி, எலுமிச்சைச் சாறு, கூல்டிரிங்க்ஸ் எதுவும் கம் போடுவதற்கு 15 நிமிடம் முன்னாலிருந்தே வேண்டாம். வாயில் இருக்கும்போதும் வேண்டாம். எச்சில் புளிப்பானால் நிக்கோட்டின் தோலைத் தாண்டாது. டீக்கடைக்குப் போய் ஒரு கையில் டீயும் வாயில் கம்முமாக நின்றால் அந்தக் கம் வீண்.

அடுத்தது அளவு. கம் 2 மி.கி., 4 மி.கி. என இரண்டு வகை. தூங்கி எழுந்த அரை மணிக்குள் முதல் சிகரெட் பற்ற வைக்கிறவர்களுக்கு 4 மி.கி. வேண்டியிருக்கும். அதற்கு மருத்துவர் சீட்டு வேண்டும், 2 மி.கி. சீட்டில்லாமலே கிடைக்கும். அதனால் ஒரு நாளைக்கு ஒரு பாக்கெட்டுக்கு மேல் ஊதுகிறவர்கூட எளிதாகக் கிடைப்பதை வாங்கிப் போகிறார், போதவில்லை என்று விட்டுவிடுகிறார். இன்னொரு கோளாறு, ஒரே ஒரு அட்டை வாங்கிச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு “தாங்க முடியாதபோது மட்டும்” போடுவது. முதல் ஆறு வாரம் ஒன்றிரண்டு மணி நேரத்துக்கு ஒன்று, ஒரு நாளைக்கு ஒன்பது கம்மாவது போட வேண்டும். 7 முதல் 9-ஆம் வாரம் வரை 2-4 மணி நேரத்துக்கு ஒன்று. 10 முதல் 12 வரை 4-8 மணி நேரத்துக்கு ஒன்று. 2 மி.கி. கம் நாளைக்கு 24-ஐத் தாண்டக் கூடாது. பல்செட் கட்டியவர்களுக்கு ஒட்டிக்கொள்ளும், அவர்களுக்கு நிக்கோட்டின் சப்பும் மாத்திரையோ தோலில் ஒட்டும் பேட்ச்சோ சரி.

நெஞ்சகப் பிரிவு செவிலியர், சென்னை

பேட்ச்சைப் பற்றிக் கொஞ்சம். நாளைக்குப் பத்துக்கு மேல் பிடிக்கிறவர்களுக்கு வழக்கமாக 21 மி.கி. ஆறு வாரம், 14 மி.கி. இரண்டு வாரம், 7 மி.கி. இரண்டு வாரம். பத்தோ அதற்குக் குறைவோ என்றால் 14-இல் தொடங்கி ஆறு வாரம், பிறகு 7-இல் இரண்டு வாரம். இதய நோய், கர்ப்பம் இருந்தால் மருத்துவரைக் கேட்காமல் எதுவும் வேண்டாம்.

ஊர் வெயிலில் பேட்ச் கழன்று விழுவதுதான் பெரிய தொல்லை. குளித்து, நன்றாகத் துடைத்து, தோல் முழுக்கக் காய்ந்த பிறகு ஒட்டுங்கள். பவுடர், எண்ணெய், லோஷன் தடவிய இடத்தில் நிற்காது. முடியில்லாத மேற்கையோ முதுகின் மேல்பகுதியோ நல்ல இடம். உள்ளங்கையால் பத்து விநாடி அழுத்திப் பிடியுங்கள். நாளைக்கு ஓர் இடம், அதே இடத்துக்கு ஒரு வாரம் கழித்துத்தான் திரும்ப வரணும், இல்லையென்றால் சிவந்து அரிக்கும். காசை மிச்சம் பண்ண இரண்டாக வெட்டக் கூடாது. கழற்றியதிலும் மருந்து மிச்சமிருக்கும். ஒட்டும் பக்கம் உள்ளே போகும்படி மடித்து, குழந்தை கை எட்டாத குப்பையில் போடுங்கள். இரவில் விசித்திரமான கனவுகள் வந்து தூக்கம் கெட்டால், படுக்கும்போது கழற்றிவிட்டுக் காலையில் புதிதாக ஒட்டலாம். எம்ஆர்ஐ எடுக்கப் போகிறீர்கள் என்றால் முன்கூட்டியே சொல்லுங்கள். சில பேட்ச்களின் முதுகுப்பக்கம் உலோகப் படலம் உண்டு, சூடாகித் தோலைச் சுடும்.

எங்கள் பிரிவில் மூச்சில் கார்பன் மோனாக்சைடு அளக்கும் சின்னக் கருவி இருக்கிறது. மூச்சை இழுத்து 15 விநாடி அடக்கி, மெதுவாக ஊத வேண்டும். புகைப்பவருக்குப் பத்தோ அதற்கு மேலோ காட்டும். ஒன்றிரண்டு நாள் தொடாமல் இருந்தாலே சாதாரண அளவுக்கு இறங்கிவிடும். “விட்டதால ஒண்ணும் மாற்றம் தெரியலியே” என்று சலித்துக்கொள்கிறவர்கள் அந்த எண்ணைப் பார்த்ததும் நிமிர்ந்து உட்காருகிறார்கள்.

இருமலைப் பற்றிச் சொல்லியே ஆக வேண்டும். விட்ட முதல் சில வாரம் இருமல் கூடலாம். மூச்சுக்குழாயில் முடங்கிக் கிடந்த நுண்மயிர்கள் மறுபடி வேலை செய்து சளியை மேலே தள்ளுகின்றன. இதைப் பார்த்து “சிகரெட்ட விட்டதும்தான் உடம்பு கெட்டுப்போச்சு” என்று திரும்பிப் போனவர்கள் நிறைய. ரத்தம் கலந்த சளி, எடை இறங்குவது, இரண்டு வாரத்தைத் தாண்டியும் குறையாத இருமல் என்றால் மட்டும் எக்ஸ்ரேக்கு வாருங்கள்.

புகையிலை நிறுத்த ஆலோசகர், கோவை

மேலே டீ பற்றி வந்ததால் ஒன்று சேர்க்கிறேன், இதைப் பலரும் கவனிப்பதில்லை. புகையிலுள்ள தார்ப்பொருள்கள் கல்லீரலில் ஒரு நொதியை (என்சைம்) முடுக்கிவிடுகின்றன. காபி, டீயிலுள்ள கஃபீனைச் சிதைப்பது அதே நொதி. புகையை நிறுத்தியதும் நொதி பழைய வேகத்துக்கு இறங்கிவிடும், அதே நாலு காபியில் உடம்பில் கஃபீன் ஏறக்குறைய இரண்டு மடங்காகத் தங்கும். படபடப்பு, கை நடுக்கம், தூக்கமின்மை, எரிச்சல் எல்லாம் வரும். தம் இல்லாததால் வருகிறது என்று நினைத்து மறுபடி ஒரு தம்மைத் தேடுவார்கள். விடும் நாளிலிருந்தே காபி, டீயைப் பாதியாக்குங்கள், சாயங்காலம் நாலு மணிக்கு மேல் வேண்டாம். கம், பேட்ச் இருந்தாலும் இது பொருந்தும். நொதியை முடுக்குவது புகைதான், நிக்கோட்டின் அல்ல.

டீக்கடையையே ஒரு மாதம் தவிர்க்கச் சொன்னால் யாரும் கேட்பதில்லை. வழக்கமான கடைக்குப் பதில் பெட்டிக்கடை ஒட்டாத வேறு கடை, நின்று குடிக்காமல் உட்கார்ந்து குடிப்பது, சிகரெட் பிடித்த கையில் கிளாஸைப் பிடிப்பது என்று சின்ன மாற்றங்கள் போதும். லைட்டர் கயிற்றில் தொங்கும் கல்லாப் பக்கம் நிற்காமல் இருந்தாலே பாதித் தொல்லை குறையும். ஆசை எழும்பினால் சில நிமிடங்களில் தானாக இறங்கும். அந்த நேரத்துக்குக் கிராம்பு ஒன்று, சோம்பு ஒரு சிட்டிகை, ஒரு டம்ளர் தண்ணீர், தெருக்கோடி வரை ஒரு நடை. முதல் மூன்று நாள் கடுமை, அதற்குப் பிறகு இடைவெளி நீளும்.

மருத்துவர், திருச்சி

கோவைக்காரர் சொன்ன நொதி விஷயம் மாத்திரைகளுக்கும் உண்டு. ஆஸ்துமாவுக்கும் நாட்பட்ட சளிக்கும் தியோஃபிலின் மாத்திரை தினமும் போடுகிறவர் திடீரென்று புகையை நிறுத்தினால், அதே அளவு மாத்திரை கூடுதலாகி வாந்தி, படபடப்பு வரலாம். மனநலத்துக்கு க்ளோஸபின், ஒலான்ஸபின் எடுப்பவர்களும் விடும் தேதியை மருத்துவரிடம் முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும், அளவு குறைக்க வேண்டி வரும். ரத்தம் உறையாமலிருக்க வார்ஃபரின் போடுகிறவர்களுக்கு ரத்தப் பரிசோதனை சீக்கிரம் தேவை.

நிக்கோட்டின் இல்லாத மாத்திரைகளில் வேரனிக்ளின் நன்றாக வேலை செய்கிறது. முதல் மூன்று நாள் 0.5 மி.கி. ஒரு வேளை, 4 முதல் 7-ஆம் நாள் வரை 0.5 மி.கி. இரு வேளை, எட்டாம் நாளிலிருந்து 1 மி.கி. இரு வேளை, மொத்தம் 12 வாரம். முதல் வாரம் புகைத்துக்கொண்டே மாத்திரை போடலாம், எட்டாம் நாள்தான் விடும் நாள். வெறும் வயிற்றில் போட்டுக் குமட்டலில் நிறுத்தியவர்கள் அதிகம். சாப்பிட்டு, ஒரு முழு டம்ளர் தண்ணீரோடு போடுங்கள். சிறுநீரகக் கோளாறு இருந்தால் அளவு மாறும். புப்ரோபியான் இன்னொன்று. வலிப்பு வந்தவர்களுக்கு அது ஆகாது.

கள அலுவலர், திருநெல்வேலி

எல்லாரும் சிகரெட் பத்தியே பேசுறீங்க. எங்க பக்கம் பீடி. “அது சின்னது, இலைதானே”னு நினைச்சு சிகரெட்டுலேர்ந்து பீடிக்கு மாறுறவங்க உண்டு. அதுல லாபமே கிடையாது. பீடி இலைக்குள்ள காத்து லேசுல போகாது, இழுக்காம விட்டா அணைஞ்சிரும். அதனால சிகரெட்ட விட அடிக்கடி, ஆழமா இழுக்கணும். கம், பேட்ச் அளவு கேக்கும்போது பீடியைச் சின்னதுன்னு பாதியா கணக்குப் பண்ணக் கூடாது. ஒரு பீடியை ஒரு சிகரெட்டாவே எண்ணிச் சொல்லுங்க.

இங்க இன்னொரு சிக்கல், வீட்டுலயே பீடி சுத்துறாங்க. மடியில சொளகு, அதுல புகையிலைத் தூளு, இலை, நூலு. வீடு முழுக்க அந்த வாடை. புருஷன் பீடிய விடணும்னா கையெட்டுற தூரத்துல அம்பாரமா கிடக்கும். அந்த வீடுகள்ல சுத்துன பீடியை அன்னன்னைக்குக் கடையில கொடுத்துட்டு, மிச்சத் தூளை டப்பாவுல அடைச்சு வைக்கச் சொல்றோம். சுத்துற இடத்தைப் பின்வாசலுக்கு மாத்துனாலும் உதவுது.

காலைக்கடனைப் பத்தி யாரும் வெளிய சொல்ல மாட்டாங்க. “ஒண்ணு பத்த வச்சாத்தான் வயிறு இளகும்”னு இருக்கறவங்களுக்கு விட்ட ரெண்டு வாரம் மலச்சிக்கல் வரலாம். எழுந்ததும் ரெண்டு டம்ளர் வெந்நீர், ராத்திரி கொய்யாவோ நல்லாப் பழுத்த வாழைப்பழமோ, தினம் ஒரு கீரை. அதுக்கும் கேக்கலன்னா படுக்கும்போது இசப்கோல் ரெண்டு ஸ்பூன் ஒரு முழு டம்ளர் தண்ணியில, உடனே குடிச்சிரணும். இந்த ஒரு காரணத்துக்காகவே காலைல ஒண்ணு மட்டும்னு வச்சுக்கிட்டு, அதுலேர்ந்து பழையபடி ஆனவங்க ஏராளம். புகைய விட்டுட்டு ஹான்ஸ் புகையிலைய உதட்டுக்குள்ள அதக்குறதும் அதே கதைதான், நிக்கோட்டின் குறையவே குறையாது.

புகையிலை நிறுத்த ஆலோசகர், கோவை

“ஒண்ணே ஒண்ணு” பற்றி. வழுக்கல் பெரும்பாலும் மது அருந்தும் இடத்தில், கல்யாண வீட்டின் பின்பக்கம், இரவுப் பயணத்தில் நடக்கிறது. முதல் மாதம் மதுவைத் தள்ளி வைக்க முடியுமானால் தள்ளி வையுங்கள். அப்படியும் ஒன்று பிடித்துவிட்டால் பேட்ச்சைக் கழற்றாதீர்கள், மாத்திரையை நிறுத்தாதீர்கள். மிச்சப் பாக்கெட்டைத் தண்ணீரில் நனைத்துப் போடுங்கள், தேதியை மாற்றாதீர்கள். “இன்னிக்குப் போச்சு, திங்கக்கிழமையிலிருந்து பார்க்கலாம்” என்பவர்கள் அதற்குள் அந்தப் பாக்கெட்டை முடித்துவிடுகிறார்கள்.

பாக்கெட்டிலேயே அச்சிட்டிருக்கும் 1800-11-2356 இலவச எண். தமிழிலும் பேசுகிறார்கள். கூப்பிடும் முன் மூன்று விஷயம் கையில் இருக்கட்டும்: ஒரு நாளைக்கு எத்தனை, எழுந்து எவ்வளவு நேரத்தில் முதல் ஒன்று, முன்பு விட முயன்றபோது எதில் கவிழ்ந்தீர்கள். தேதி குறித்த பிறகு அவர்களே திரும்ப அழைத்து விசாரிப்பார்கள், தெரியாத எண் என்று துண்டித்துவிடாதீர்கள்.

மருந்தாளுநர், மதுரை

எடை பற்றி யாராவது கேட்பார்கள் என்று நினைத்தேன். முதல் வருடத்தில் சராசரியாக நாலைந்து கிலோ ஏறுகிறது. வாய் சும்மா இருக்காமல் மிக்சர், முறுக்கு, மிட்டாய் பக்கம் போவதும் ஒரு காரணம். வெள்ளரி, கேரட் துண்டுகளை டப்பாவில் போட்டுக் கையோடு வைத்திருங்கள், ஒரு பிடி பொட்டுக்கடலையும் நல்லது. எடை குறைக்கும் கடும் பத்தியத்தை மட்டும் அதே மாதத்தில் தொடங்காதீர்கள். பசியையும் தம் ஆசையையும் சேர்த்துத் தாங்கினவர்கள் குறைவு.

கம் பழகிப்போய் விட முடியவில்லை என்று வருகிறவர்களுக்கு: 12 வாரம் முடிந்ததும் நாளைக்கு ஒன்று குறையுங்கள். குறைத்த இடத்தில் நிக்கோட்டின் இல்லாத சாதாரண சர்க்கரையில்லா கம் போடுங்கள். கடைசியாக விட வேண்டியது காலையில் போடும் முதல் கம்.