மேக்ரோ இருந்தால் புராசஸரில் வசதி இருக்கும் என்று யார் சொன்னது?

பிட்வேட்டை:
நேற்று வேறொரு இழையில் நேட்டிவ்ராஜா எழுதியது: "ஏவிஎக்ஸ்2 மேக்ரோ இருந்தால் புராசஸரில் ஏவிஎக்ஸ்2 இருக்கிறது என்று அர்த்தம். வேறு சோதனையே வேண்டாம்." படித்ததிலிருந்து எரிச்சல் அடங்கவில்லை. ஏவிஎக்ஸ்2 என்பது ஒரே கட்டளையில் பல எண்களைக் கணக்கிடும் புராசஸர் வசதி. மேக்ரோ என்பது கம்பைல் செய்யும்போது கோடில் கிடைக்கும் ஓர் அடையாளப் பெயர். அந்த மேக்ரோவை வைப்பது புராசஸர் அல்ல, கம்பைலர். கம்பைல் செய்யும்போது ஏவிஎக்ஸ்2 ஃபிளாகைக் (விருப்பத்தை) கொடுத்தால் ஜிசிசி கம்பைலர் வைத்துவிடும். 2013இல் ஏவிஎக்ஸ்2வோடு ஹாஸ்வெல் புராசஸர் வருவதற்கு முந்தைய இன்டெல் மெஷினில் கம்பைல் செய்தாலும் வைக்கும். ஓட்டிப் பார்த்தால்தான் 'இல்லீகல் இன்ஸ்ட்ரக்ஷன்' என்று விழும்.

நேட்டிவ்ராஜா:
ஃபிளாகை யார் கையால் கொடுக்கச் சொன்னது? நான் மார்ச்=நேட்டிவ் போடுகிறேன், 'இந்த மெஷினுக்கு ஏற்றபடி கம்பைல் செய்' என்ற ஃபிளாக். அது புராசஸரின் வசதிகளைச் சொல்லும் சிபியுஐடி கட்டளையைக் கேட்டுத்தான் முடிவெடுக்கிறது. அப்புறம் மேக்ரோ புராசஸரைச் சொல்லாமல் வேறு எதைச் சொல்கிறது? பத்து வருடமாக இப்படித்தான் செய்கிறேன். ஒருமுறைகூட விழுந்ததில்லை.

பிட்வேட்டை:
எந்தப் புராசஸரை? கம்பைல் செய்த புராசஸரை. பைனரி ஓடப்போகும் மெஷினைப் பற்றி அதற்கு ஒன்றும் தெரியாது. கம்பைலின் முதல் கட்டமான ப்ரீப்ராசஸர் முடிந்ததும் மேக்ரோவின் கதையும் முடிந்தது.

விண்டோஸ்வாசி:
இரண்டு பேரும் ஜிசிசியை மட்டுமே உலகம் என்று நினைத்துப் பேசுகிறீர்கள். மைக்ரோசாஃப்ட் கம்பைலரான எம்எஸ்விசியில் ஃபிளாக் இல்லாமலே ஏவிஎக்ஸ்2 இன்ட்ரின்சிக் (புராசஸர் கட்டளையை நேரடியாக அழைக்கும் ஃபங்ஷன்) கம்பைல் ஆகும், மேக்ரோ இருக்காது. அதில் ஆர்ச் ஏவிஎக்ஸ்2 ஃபிளாகைக் கொடுத்தால் எஃப்எம்ஏவும் (பெருக்கலையும் கூட்டலையும் ஒன்றாகச் செய்யும் கட்டளைகள்) சேர்ந்தே வரும். ஜிசிசியில் எஃப்எம்ஏவுக்குத் தனி ஃபிளாக் வேண்டும்.

சொல்லாளி:
கம்பைலர், கம்பைலர் என்று எத்தனை தடவை? தொகுப்பி என்ற சொல் எதற்கு இருக்கிறது?

விண்டோஸ்வாசி:
ஐயா, எந்த இழையைத் திறந்தாலும் இதே புகாரோடு வருகிறீர்கள். மேக்ரோவைப் பற்றி ஏதாவது சொல்ல இருந்தால் சொல்லுங்கள்.

சொல்லாளி:
சொந்த மொழியில் சொல்ல முடியாதவர்கள் பொருளை எப்படிச் சரியாகப் புரிந்துகொள்வார்கள்? இந்தச் சண்டையே அதற்குச் சாட்சி.

நேட்டிவ்ராஜா:
பிட்வேட்டை சார், இதற்குப் பதில் சொல்லுங்கள். 64 பிட் ஜிசிசியில் எந்த ஃபிளாகும் இல்லாமலே எஸ்எஸ்இ2 (ஏவிஎக்ஸ்2க்கு முந்தைய அதே வகை வசதி) மேக்ரோ இருக்கிறது. எல்லா எக்ஸ்86-64 (இன்டெல், ஏஎம்டியின் 64 பிட்) புராசஸரிலும் எஸ்எஸ்இ2 இருக்கிறது. மேக்ரோ உண்மையைச் சொல்கிறதா இல்லையா?

பிட்வேட்டை:
எஸ்எஸ்இ2 எக்ஸ்86-64இன் அடிப்படையிலேயே சேர்ந்தது. அதனால் கம்பைலர் துணிந்து வைக்கிறது. உங்கள் புராசஸரைத் தொட்டுப் பார்த்து வைக்கவில்லை!

விழுந்ததே இல்லை என்று பெருமை வேறு. விழாமலே தப்புக் கணக்குப் போடும் கட்டளையும் உண்டு. எண்ணின் முன்னால் எத்தனை 0 பிட் என்று எண்ணும் எல்இசட்சிஎன்டி என்பது, மேலே உள்ள முதல் 1 பிட்டின் இடத்தைத் தரும் பிஎஸ்ஆர் கட்டளைக்கு முன்னால் எஃப்3 பைட் ஒட்டியது. பழைய புராசஸர் அந்த எஃப்3ஐக் கண்டுகொள்ளாமல் பிஎஸ்ஆரையே ஓட்டும். 32 பிட்டில் 1ஐக் கொடுத்தால் எல்இசட்சிஎன்டி 31 தர வேண்டும், பிஎஸ்ஆர் 0 தரும். பில்ட் மெஷினில் யாரோ நேட்டிவ் போட்டுவைத்ததால் மூன்று நாள் இந்த ஒரு எண்ணைத் துரத்தியிருக்கிறேன். ஒரு எரர்கூட வரவில்லை.

நேட்டிவ்ராஜா:
நான் பேசியது ஏவிஎக்ஸ்2. நீங்கள் எல்இசட்சிஎன்டிக்குத் தாவுகிறீர்கள். போன மாதம் அலைன்மென்ட் இழையிலும் இப்படித்தான் தாவினீர்கள்.

பிட்வேட்டை:
அலைன்மென்டிலும் தப்பு உங்கள் பக்கம்தான். சரி, ஏவிஎக்ஸ்2க்கே வருகிறேன். ஒரே ஒரு ஃபங்ஷனுக்கு டார்கெட் அட்ரிபியூட்டில் (அந்த ஃபங்ஷனுக்கு மட்டுமான கம்பைலர் குறிப்பில்) ஏவிஎக்ஸ்2 கொடுத்துப் பாருங்கள். அதற்குள் ஏவிஎக்ஸ்2 கட்டளைகள் வரும், மேக்ரோ வராது. இதற்கு என்ன சொல்கிறீர்கள்? ஓடும் மெஷினில் இருக்கிறதா என்று தெரிய, ஓடும்போது கேட்க வேண்டும். ஜிசிசியின் பில்டின் சிபியு சப்போர்ட்ஸ் என்ற உள்ளமைந்த ஃபங்ஷன் அதற்குத்தான் இருக்கிறது. ஏவிஎக்ஸ்2 பயன்படுத்தும் ஒய்எம்எம் ரெஜிஸ்டர்களை ஓஎஸ் சேமிக்கிறதா என்பதையும் சேர்த்தே பார்க்க வேண்டும்.

விண்டோஸ்வாசி:
அந்த பில்டின் எம்எஸ்விசியில் கிடையாது.

பிட்வேட்டை:
சிபியுஐடி இன்ட்ரின்சிக் இருக்கிறதே, அதை எழுதுங்கள்!

நேட்டிவ்ராஜா:
என் மெஷினில் கம்பைல் செய்கிறேன், என் மெஷினில் ஓட்டுகிறேன். மேக்ரோ இருந்தால் ஏவிஎக்ஸ்2 இருக்கிறது. இதில் மாற்றமில்லை.

பிட்வேட்டை:
"என் மெஷினில்" என்ற சொல் நேற்று எழுதியதில் எங்கே இருந்தது?