ஹாட்ரிக்: கால்பந்துக்கு ‘மூவடி’

வணக்கம்.

கால்பந்தில் ஒரே ஆட்டத்தில் ஒருவரே மூன்று கோல் அடிப்பதை ஹாட்ரிக் என்கிறோம். அதற்குத் தமிழ்ச் சொல் தேடும் இந்தப் பேச்சில் இதுவரை வந்த சொற்களில், நேர் மொழிபெயர்ப்பான ‘தொப்பித் தந்திரம்’ வேண்டவே வேண்டாம். 1858-இல் இங்கிலாந்தின் ஷெஃபீல்டில் எச். எச். ஸ்டீஃபன்சன் என்ற கிரிக்கெட் வீரர் அடுத்தடுத்து மூன்று பந்துகளில் மூன்று விக்கெட் எடுத்தார். பணம் திரட்டி அவருக்குத் தொப்பி வாங்கிக் கொடுத்தார்கள். ஹாட்ரிக் என்ற பெயர் அதிலிருந்து வந்தது என்பார்கள். அந்தத் தொப்பி கிரிக்கெட்டோடு சரி. கால்பந்தில் மூன்று கோல் அடித்தவர் வீட்டுக்குக் கொண்டுபோவது ஆட்டப் பந்தைத்தான்.

‘தொடர்மூன்று’ நல்ல சொல், ஆனால் கிரிக்கெட்டுக்கு. கால்பந்தில் தொடர்ச்சி தேவையில்லை. நடுவே யார் எத்தனை கோல் அடித்தாலும் கணக்கு மாறாது. இங்கிலாந்தின் கீழ் டிவிஷன் ஆட்டங்களைப் பாருங்கள். 1935 டிசம்பர் 26 அன்று டிரான்மியர் ரோவர்ஸ் 13-4 என்று ஓல்டமை வென்றபோது பன்னி பெல் ஒருவரே 9 கோல் அடித்தார், ஒரு பெனால்டியைத் தவறவிட்டும்! அந்தச் சாதனை நான்கு மாதம்கூட நிற்கவில்லை. 1936 ஏப்ரல் 13-இல் லூட்டன் டவுன் பிரிஸ்டல் ரோவர்ஸை 12-0 என்று வென்றது. அதுவரை நடுக்களத்தில் ஆடிவந்த ஜோ பெய்னை அன்றுதான் முன்களத்தில் இறக்கினார்கள். பத்து கோல்! மற்ற இரண்டு கோல்கள் எப்போது விழுந்தன என்று யாரும் கேட்பதில்லை. ‘தொடர்’ என்று எழுதினால் இல்லாத நிபந்தனை ஒன்று சொல்லுக்குள் புகுந்துவிடும்.

எனக்கு முதலில் தோன்றியது ‘முக்கோல்’. ஆனால் அது துறவிகள் ஏந்தும் திரிதண்டத்துக்குப் பழைய பெயர். அதனால் ‘மூவடி’ என்கிறேன். கோல் ‘அடித்தார்’ என்றுதானே எல்லோரும் சொல்கிறோம்? வாக்கியத்தில் வைத்துப் பார்க்கிறேன்:

“2004 பிப்ரவரி 24 அன்று ரெக்ஸமுக்கு எதிராக 84-ஆம் நிமிடத்தில் மாற்று வீரராக இறங்கிய போர்ன்மத்தின் ஜேம்ஸ் ஹேட்டர், 2 நிமிடம் 20 நொடியில் மூவடி அடித்தார்.”

‘அடி அடித்தார்’ உறுத்தவில்லை. ‘ஆட்டம் ஆடினார்’ போலத்தான். (வைட் தீவுக்குப் படகு பிடிக்க முன்னதாகவே கிளம்பிவிட்ட அவருடைய பெற்றோர் மூன்றையுமே பார்க்கவில்லை. படிக்கும்போதெல்லாம் மனம் கனக்கிறது.)

தலையால் முட்டியதை ‘அடி’ எனலாமா என்று நீங்கள் கேட்கலாம். ‘தலையால் கோல் அடித்தார்’ என்பது ஏற்கெனவே புழங்குகிற பேச்சு. இடக்கால், வலக்கால், தலை என ஒவ்வொன்றாலும் ஒரு கோல் வந்தால் ‘நிறைமூவடி’. பெய்னுக்கு மட்டும் ‘பத்தடி’ வேண்டாம், நீளக்கணக்காகிவிடும். அங்கே ‘பத்து கோல்’ போதும்.