டூ ஸ்ட்ரோக் குவாட் (நாலு சக்கர ஏடிவி) கார்புரேட்டர் ட்யூனிங், ஐடிலுக்கு ஆர்பிஎம் இறங்கவே மாட்டேங்குது, உதவி பண்ணுங்க

வணக்கம் நண்பர்களே, என்னோடது 200 சிசி ஏர் கூல்ட் டூ ஸ்ட்ரோக் குவாட், ஏர்பாக்ஸ எடுத்துட்டு பாட் ஃபில்டர் (கார்ப்லயே நேரா மாட்டற ஏர் ஃபில்டர்), எக்ஸ்பான்ஷன் பைப் (டூ ஸ்ட்ரோக் சைலன்சர் பைப்) ரெண்டும் மாட்டினேன், காத்து ஜாஸ்தி போகுமேன்னு மெயின் ஜெட்ட (ஃபுல் த்ராட்டில்ல பெட்ரோல் விடற துளை) 230 சைஸ்ல இருந்து 270க்கு ஏத்தினேன். ஃபுல் த்ராட்டில்ல அருமையா இழுக்குது, பிளக்கும் நல்ல காபி கலர்ல இருக்கு. பிரச்சனை கீழ தான். கால்வாசி த்ராட்டில்ல திணறுது, அதவிட பயமா இருக்கறது, த்ராட்டில விட்டாலும் ஆர்பிஎம் உடனே இறங்காம அப்படியே நின்னு மெதுவா தான் வருது.

நடு த்ராட்டில்ல பெட்ரோல் கூடட்டும்னு கார்ப் நீடில் கிளிப்ப ஒரு பள்ளம் கீழ இறக்கி பாத்தேன், திணறல் கொஞ்சம் குறைஞ்சது, அவ்ளோதான். ஐடில் காத்த கூட்டி குறைக்கற ஏர் ஸ்க்ரூவ அரை சுத்து மட்டும் திறந்து வச்சா தான் ஐடில் ஓரளவு நிக்குது, அப்போ பைலட் ஜெட் (ஐடில்ல பெட்ரோல் விடற துளை) சின்னதுன்னு தோணுது, ஆனா கிராங்க் சீல் (கிராங்க் ஷாஃப்ட் ஓரத்து ரப்பர் சீல்) போய் காத்து இழுத்தாலும் இதே மாதிரி தான் காட்டும்ல? அங்க லீக் இருக்கான்னு பாக்க இன்டேக் ரப்பர் சுத்தி கார்ப் கிளீனர் அடிச்சேன், சத்தத்துல மாற்றமே இல்ல. பெட்ரோல் 32க்கு ஆயில் 1ன்னு தான் கலக்கறேன்.

முதல்ல இன்ஜினுக்குள்ள 6 பிஎஸ்ஐ காத்தழுத்தம் வச்சு லீக் டெஸ்ட் பண்ணணுமா, இல்ல பைலட்ட ஒரு சைஸ் ஏத்தி பாக்கலாமா? லீனா (பெட்ரோல் கம்மி, காத்து ஜாஸ்தி) ஓட்டி பிஸ்டன் பிடிச்சிடுமோன்னு வண்டிய எடுக்கவே இல்ல, அனுபவம் உள்ளவங்க சொல்லுங்க.