சிமுலேஷனில் குறையும் காத்திருப்பு திருப்பூர்ச் சந்திப்பிலும் குறையுமா?

நொய்யல்கரை மாணவன் (கேள்வி)

அனைவருக்கும் வணக்கம். கோவையில் போக்குவரத்துப் பொறியியலில் முதுநிலை படித்து வருகிறேன். இறுதியாண்டு ஆய்வுக்காகத் திருப்பூரில் பல்லடம் சாலையிலுள்ள ஒரு நாற்சந்தியை எடுத்துக்கொண்டேன். ஓப்பன்ஸ்ட்ரீட்மேப் என்ற இணைய வரைபடத்திலிருந்து சாலைகளை இறக்கி, சூமோ என்ற போக்குவரத்துச் சிமுலேஷன் மென்பொருளில் அந்தச் சந்திப்பை அமைத்து, காலை 8 முதல் 10 மணி வரையிலும் மாலை 5 முதல் 7 மணி வரையிலும் நாங்கள் நின்று எண்ணிய வாகனங்களை உள்ளீடாகக் கொடுத்திருக்கிறேன். பச்சை விளக்கின் நேரத்தை வலுவூட்டல் கற்றல் முறையில் ஒரு நிரல் தீர்மானிக்கிறது. மொத்தக் காத்திருப்பு குறையக் குறைய அதற்கு மதிப்பெண் கூடும், அதைப் பார்த்து அது தானே பழகிக்கொள்ளும்.

இப்போது நடைமுறையிலுள்ள நிலையான நேர ஒதுக்கீட்டோடு ஒப்பிட்டால், என் நிரல் சராசரிக் காத்திருப்பைப் பாதிக்கும் கீழே கொண்டுவந்துவிடுகிறது. ஆனால் அதே இடத்தில் மாலையில் நின்று பார்க்கும்போது, அந்த நெரிசல் முழுவதும் விளக்கின் நேரக் கணக்கால் வருவதாக எனக்குத் தோன்றவில்லை. 2015இல் தொடங்கிய ஸ்மார்ட் சிட்டி திட்டத்தின் 100 நகரங்களில் கோவை, திருப்பூர், ஈரோடு, சேலம் ஆகிய நான்கும் இடம்பெற்றிருந்ததால், இத்தகைய நிரல்களைப் பற்றிய பேச்சு நம் பக்கத்தில் அதிகம். என் முடிவை எந்த அளவுக்கு நம்பலாம், நம்புவதற்கு முன் எவற்றைச் சோதிக்க வேண்டும் என்று அனுபவமுள்ளவர்கள் கூறினால் நன்றியுடையவனாக இருப்பேன்.

பீளமேடு பொறியாளர்

தம்பி, முதலில் உங்கள் நிரலை விட்டுவிட்டு, நாம் மாற்றாதவரை சூமோவில் இருக்கும் இயல்பு அமைப்புகளைப் பாருங்கள். இத்தகைய ஆய்வுகளில் கிடைக்கும் முன்னேற்றத்தில் ஒரு பகுதி, பெரும்பாலும் அங்கேதான் ஒளிந்திருக்கும்.

முதலாவது, 300 நொடிகளுக்கு மேல் நகராமல் நிற்கும் வாகனத்தை சூமோ தானாகவே தூக்கி, அதன் வழியில் அடுத்து இடமிருக்கும் சாலைத் துண்டில் வைத்துவிடும். ஒரு குறுக்குச் சாலைக்குப் பச்சையே கொடுக்காமல் வைத்திருந்தால் அங்கே நிற்பவர்கள் சிறிது நேரத்தில் காணாமல் போவார்கள் என்பதை உங்கள் நிரல் கற்றுக்கொண்டிருக்கலாம். அதற்குத் தெரிந்ததெல்லாம் மதிப்பெண் மட்டுமே. இந்த வசதியை அணைத்துவிட்டு மறுபடியும் ஓட்டுங்கள். இரண்டாவது, வரிசை நீண்டு சாலையின் தொடக்கம் வரை நிரம்பிவிட்டால், புதிதாக வர வேண்டிய வாகனங்களை சூமோ வரைபடத்துக்கு வெளியிலேயே நிறுத்திவைக்கும். அந்தத் தாமதம் தனிப் பத்தியில் பதிவாகுமே தவிர, நீங்கள் கூட்டிப் பார்க்கும் காத்திருப்பில் சேராது. அதுபோல, பயண அறிக்கையில் பயணத்தை முடித்த வாகனங்கள் மட்டுமே இயல்பாக வரும். முடிக்காதவற்றையும் எழுதச் சொல்லும் விருப்பத்தை நீங்கள்தான் இயக்க வேண்டும். இம்மூன்றையும் சரிசெய்த பின் எவ்வளவு முன்னேற்றம் மிஞ்சுகிறதோ, அதைப் பற்றித்தான் நாம் பேச வேண்டும்.

அடுத்தது, நம் சாலையின் இயல்பு. சூமோவின் இயல்பு மாதிரியில் ஒரு தடத்தின் அகலத்தில் ஒரு வாகனம்தான் நிற்கும், பக்கத்தில் இன்னொன்று நிற்காது. ஆகவே இருசக்கர வாகனங்கள் ஒன்றன்பின் ஒன்றாக ரேஷன் கடை வரிசையைப் போல நிற்கின்றன. நிஜத்தில் அவை பேருந்துக்கும் நடுத்திட்டுக்கும் இடையில் புகுந்து நிறுத்தக் கோட்டுக்கு முன்னால் வந்து குவிகின்றன. பச்சை விழுந்த முதல் சில நொடிகளில் ஒரு கூட்டமே சந்திப்பைக் கடந்துவிடுகிறது. இதைக் காட்டாத மாதிரியில் வரிசை உள்ளதைவிட நீளமாகவும், வெளியேற்றம் உள்ளதைவிட மந்தமாகவும் தெரிவதால், நிலையான நேர ஒதுக்கீடு தேவைக்கு மேல் மோசமாகக் காட்சியளிக்கும். பக்கவாட்டுத் துல்லியத்தைக் குறிப்பிட்டால் தடத்தை மேலும் சிறு கீற்றுகளாகப் பிரிக்கும் வசதி சூமோவிலேயே இருக்கிறது, அதைப் பயன்படுத்துங்கள். இந்தியச் சாலைக் காங்கிரசின் 1990ஆம் ஆண்டு வழிகாட்டி, ஐ.ஆர்.சி. 106, இருசக்கர வாகனத்தை, மொத்தப் போக்குவரத்தில் அதன் விகிதத்தைப் பொறுத்து, 0.5 அல்லது 0.75 கார் அலகாக (ஒரு கார் 1 அலகு) கொள்ளச் சொல்கிறது. மத்திய சாலை ஆராய்ச்சி நிறுவனம் 2017இல் வெளியிட்ட இந்தியச் சாலைக் கொள்ளளவு கையேட்டையும் பாருங்கள். எனினும் எந்தக் கையேட்டையும்விட, எதிரிலுள்ள கட்டடத்தின் மொட்டை மாடியிலிருந்து படம்பிடித்து, ஒவ்வொரு பச்சையிலும் எத்தனை வாகனம் வெளியேறுகிறது என்று நீங்களே எண்ணி மாதிரியைப் பொருத்துவது மேலானது.

மூன்றாவதாக, எதனோடு ஒப்பிடுகிறீர்கள் என்பது. நடைமுறையிலுள்ள நேரம் எப்போதோ நிர்ணயித்து அப்படியே விடப்பட்டதாக இருக்கலாம். அதைத் தோற்கடிப்பது பெரிய காரியமன்று. பிரிட்டனின் சாலை ஆராய்ச்சிக் கூடத்தில் வெப்ஸ்டர் 1958இல் கொடுத்த வாய்பாட்டை முதலில் போட்டுப் பாருங்கள்: ஒரு சுழற்சியில் வீணாகும் நேரத்தை ஒன்றரையால் பெருக்கி 5ஐக் கூட்டி, அதை ஒன்றிலிருந்து மொத்த நெருக்கடி விகிதத்தைக் (ஒவ்வொரு பச்சைக்கும் வரும் வாகன அளவை, அந்தத் திசையில் அதிகபட்சம் வெளியேறக்கூடிய அளவால் வகுத்துக் கூட்டியது) கழித்து வருவதால் வகுத்தால், உகந்த சுழற்சி நேரம் நொடிகளில் கிடைக்கும். வீணாகும் நேரம் 12 நொடி, விகிதம் 0.75 என்றால் சுழற்சி 92 நொடி. விகிதம் 0.9 ஆனால் அதுவே 230 நொடியாகிவிடும். 1ஐ நெருங்கும்போது வாய்பாடே கைவிரித்துவிடுகிறது; சாலையின் கொள்ளளவு தீர்ந்த நிலையில் எந்த நிரலும் புதிதாக இடத்தை உண்டாக்க முடியாது. மாலையில் நின்று பார்த்தபோது உங்களுக்குத் தோன்றியது இதுவாகவே இருக்கலாம். வெப்ஸ்டருக்குப் பிறகு, ஆய்வாளர் வராய்யா 2013இல் விரித்துரைத்த மேக்ஸ் பிரஷர் என்ற சிக்னல் முறையோடும் ஒப்பிடுங்கள். உள்வரும் வரிசைக்கும் வெளியேறும் சாலையிலுள்ள வரிசைக்கும் இடையே எந்தத் திசையில் வேறுபாடு மிகுதியோ, அதற்குப் பச்சை கொடு என்பதே அதன் சாரம். பயிற்சி எதுவும் தேவையில்லை. உங்கள் நிரல் அதைத் தாண்டவில்லை என்றால், பழக்குவதற்குச் செலவான மின்சாரம் வீண்.

கடைசியாக, உங்கள் நிரல் சிமுலேஷனில் எல்லா வாகனத்தையும் பார்க்கிறது. சாலையிலுள்ள கேமராவோ, பேருந்துக்குப் பின்னால் மறைந்திருக்கும் பத்து வண்டிகளைப் பார்ப்பதில்லை. மழை இரவில் நிலைமை இன்னும் மோசம். சிட்னியில் உருவான ஸ்காட்ஸ் என்ற சிக்னல் கட்டுப்பாட்டு முறை நிறுத்தக் கோட்டருகே தடத்துக்கு ஒன்றாகப் பதித்த உணரிகளை நம்பி இயங்குவது. தடம் பார்த்து ஓட்டாத ஊரில் அந்த நம்பிக்கைக்கு அடிப்படை குறைவு. கலப்புப் போக்குவரத்துக்கென்றே திருவனந்தபுரத்து சி-டாக் என்ற கணினி ஆய்வு நிறுவனம் காஸிகாஸ்ட் என்ற முறையை உருவாக்கியதற்கு இதுவும் ஒரு காரணம். ஆகையால் உள்ளீட்டில் வேண்டுமென்றே பிழையைக் கலந்து, நிரல் எப்போது தடுமாறுகிறது என்று பாருங்கள்.

காதர்பேட்டைக்காரர்

நான் பொறியாளன் அல்லன். பனியன் தொழிலில் இருக்கிறேன். மேலே கூறியவற்றில் பாதி எனக்குப் புரியவில்லை. ஆனால் எண்ணுவதற்கு நீங்கள் தேர்ந்தெடுத்த நேரம் எனக்குப் புரிகிறது, அது திருப்பூருக்குப் பொருந்தாது. மாலை 5 முதல் 7 என்பது அலுவலக ஊர்களின் கணக்கு. இங்கே ஒன்றரை ஷிப்ட் ஓடும் கம்பெனிகளில் ஆட்கள் வெளியே வருவது இரவு எட்டரைக்கு. சனிக்கிழமை சம்பள நாள் என்பதால் அன்றைய இரவு வேறு மாதிரி. ஞாயிற்றுக்கிழமை கடைவீதி நிரம்பும். தீபாவளிக்கும் பொங்கலுக்கும் வெளியூர்க்காரர்கள் ஊருக்குப் போன பிறகு சாலைகள் வெறிச்சோடும். இவற்றில் எந்த நாளை உங்கள் நிரலுக்குக் காட்டினீர்கள்?

இன்னொன்று, சரக்கு. ஓர் ஆர்டர் துணியாகி முடிவதற்குள் நிட்டிங், சாயப்பட்டறை, காம்பாக்டிங், பிரிண்டிங், கட்டிங், எம்ப்ராய்டரி, தையல், செக்கிங், அயர்ன், பேக்கிங் என்று பல இடங்களுக்குப் போகிறது. எல்லாம் ஒரே கூரையின் கீழ் நடக்கும் கம்பெனிகள் சிலவே. மற்றவர்கள் ஜாப் ஒர்க்குக்கு அனுப்புகிறார்கள். இந்த ஊரில் பகல் முழுவதும் ஓடும் குட்டி யானை வண்டிகளும், துணிக் கட்டுகளை ஏற்றிய டி.வி.எஸ். வண்டிகளும் அதனால் வருபவை. வீட்டிலிருந்து வேலைக்கு, வேலையிலிருந்து வீட்டுக்கு என்று பயணங்களை இரண்டிரண்டு இடங்களாக எழுதினால் இவை அகப்படாது. ஒரே வண்டி காலையில் கிளம்பி ஐந்தாறு யூனிட்டுகளைத் தொட்டுத் திரும்பும். கட்டு ஏற்றிய இருசக்கர வண்டியின் அகலமும் வெறும் வண்டியின் அகலமும் ஒன்றல்ல. இடுக்கில் புகுந்து முன்னால் வரும் வண்டிகளைப் பற்றிப் பொறியாளர் எழுதியது இவற்றுக்குப் பொருந்தாது.

இந்த ஓட்டத்தைத் தெரிந்துகொள்ள ஜி.பி.எஸ். கருவி தேவையில்லை. ஒவ்வொரு யூனிட்டிலும் டி.சி. புத்தகம், அதாவது சரக்கு அனுப்பும் சீட்டுகளின் புத்தகம், இருக்கிறது, எங்கிருந்து எங்கே, எத்தனை கிலோ அல்லது எத்தனை பீஸ், எந்தத் தேதி என்று அதில் எழுதியிருக்கும். விலையையும் வாடிக்கையாளர் பெயரையும் மறைத்துக்கொள்வதாக நேரில் வந்து கேட்டால் சிலராவது தருவார்கள்.

நொய்யல்கரை மாணவன்

இருவருக்கும் மிக்க நன்றி. வாகனங்களைத் தூக்கி வைக்கும் வசதியை அணைத்து ஓட்டியதில் முன்னேற்றம் வெகுவாகச் சுருங்கிவிட்டது. மேக்ஸ் பிரஷர் முறைக்கும் என் நிரலுக்கும் இடையே இப்போது சொல்லத்தக்க வேறுபாடு இல்லை. இரவு எட்டு மணிக் கணக்கெடுப்பைச் சனிக்கிழமையோடு சேர்த்து எடுக்க ஏற்பாடு செய்கிறேன். இதற்கிடையே ஒரு துணைக் கேள்வி: கோவையில் பல சந்திப்புகளில் செய்ததைப் போலச் சிக்னலையே எடுத்துவிட்டு, சற்றுத் தள்ளி யூ-டர்ன் அமைப்பதை ஒரு மாற்றாகச் சோதிக்கலாமா?

டவுன் பஸ் பயணி, பொள்ளாச்சி

அதற்குப் பொறியாளர் பதில் சொல்வார். அதற்குமுன் மதிப்பெண்ணைப் பற்றி ஒன்று கூற விரும்புகிறேன். நீங்கள் வாகனங்களின் காத்திருப்பைக் கூட்டுகிறீர்கள். அறுபது பேரோடு நிற்கும் டவுன் பஸ்ஸும், ஒருவர் மட்டும் உட்கார்ந்திருக்கும் காரும் அந்தக் கூட்டலில் சமமாகிவிடுகின்றன. ஆட்களின் காத்திருப்பைக் கூட்டினால் நிரல் கற்றுக்கொள்ளும் பாடமே மாறும். பேருந்து வரும் திசைக்குப் பச்சையைச் சில நொடி நீட்டுவது அதற்கு லாபமாகத் தெரியும். நடத்துநரின் டிக்கெட் இயந்திரத்தில் ஏறும் ஸ்டேஜும் இறங்கும் ஸ்டேஜும் பதிவாவதால், ஒரு நடையில் எங்கே எவ்வளவு கூட்டம் என்பதைத் தோராயமாக மீட்டெடுக்க முடியும். 2021 மே மாதம் முதல் சாதாரணக் கட்டண நகரப் பேருந்துகளில் பெண்களுக்குக் கட்டணமில்லை என்பதால், வசூலை வைத்துக் கூட்டத்தைக் கணிக்கும் பழைய முறை இப்போது உதவாது. கட்டணமில்லாச் சீட்டுகளையும் சேர்த்து எண்ண வேண்டும். ஷிப்டுக்குப் போகும் பெண்கள் நிறைந்த திருப்பூரில் அவர்களை விட்டுவிட்ட கணக்கு எதற்கும் பயன்படாது.

பேருந்து நிறுத்தம் சந்திப்பை ஒட்டியே இருந்தால், அதையும் மாதிரியில் அதே இடத்தில் வையுங்கள். நிறுத்தத்தை ஐம்பது மீட்டர் தள்ளி வைப்பதால் கிடைக்கும் பலன், நிரலால் கிடைக்கும் பலனைவிட மிகுதியாக இருந்தாலும் நான் வியப்படைய மாட்டேன்.

பீளமேடு பொறியாளர்

யூ-டர்ன் முறையைத் தாராளமாகச் சோதிக்கலாம். நாற்சந்தியில் வாகனப் பாதைகள் மோதக்கூடிய 32 புள்ளிகளில் 16 குறுக்கே வெட்டுபவை. வலப்பக்கம் திரும்புவதையும் நேராகக் குறுக்கிடுவதையும் தடுத்துவிட்டால் அவை மறைகின்றன, சிவப்பு விளக்கில் நிற்பதும் இல்லை. கோவையின் அகலச் சாலைகளில் இதனால் ஓட்டம் சீரானதை நானே பார்க்கிறேன். ஆனால் நடந்து கடப்பவருக்கு அதுவரை கிடைத்துவந்த சிவப்பு விளக்கின் இடைவெளி அங்கே இல்லாமல் போகிறது. 14 மீட்டர் அகலமுள்ள சாலையை, வழக்கமாகக் கொள்ளப்படும் நொடிக்கு 1.2 மீட்டர் வேகத்தில் கடக்க ஏறக்குறைய 12 நொடி வேண்டும். இடைவிடாமல் வண்டி வரும் சாலையில் அத்தனை பெரிய இடைவெளி தானாகக் கிடைக்காது. ஆகவே நடப்பவர்களையும் மாதிரியில் சேர்த்து, அவர்களது காத்திருப்பையும் நண்பர் கூறிய ஆட்கணக்கில் கூட்டுங்கள். எட்டரை மணிக்கு வெளியே வருபவர்களில் பலர் நடந்து வருபவர்கள்தாம்.

லாரியும் நீளப் பேருந்தும் ஒரே வீச்சில் திரும்புவதற்கு நடுத்திட்டின் அருகே போதிய அகலம் தேவை. இல்லையென்றால் ஒரு வண்டி பின்னால் எடுத்துத் திரும்பும் நேரத்தில் இரு பக்கமும் நின்றுவிடும். சூமோ அந்தத் தடுமாற்றத்தைத் தானாகக் காட்டாது. திரும்பும் இடத்தின் அகலத்தை டேப் பிடித்து அளந்து வாருங்கள்.

இன்னொரு எச்சரிக்கையும் உண்டு. திருப்பூரை நொய்யலும் ரயில் பாதையும் ஊடறுக்கின்றன. பாலங்கள் இருக்கும் இடங்களில்தான் ஊரின் ஒரு பாதி மறுபாதியைச் சேர முடியும். உங்கள் சந்திப்புக்கு அப்பாலுள்ள பாலத்தில் வரிசை பின்னோக்கி நீண்டு வந்தால், இங்கே பச்சை எரிந்தாலும் வண்டி நகராது. தனிச் சந்திப்பை மட்டும் வெட்டியெடுத்து ஆராய்ந்தால் இது கண்ணில் படாது. குறைந்தது அடுத்த பாலம் வரையிலாவது வரைபடத்தை நீட்டி, இரவுக் கணக்கெடுப்பு முடிந்ததும் சிக்னல், யூ-டர்ன் இரண்டையும் ஒரே உள்ளீட்டில் ஓட்டிப் பார்த்து இங்கே எழுதுங்கள்.