மறு: ‘நோ வேக் ஸோன்’ – பலகையில் தமிழில் என்ன எழுதுவது?

குழுமத்தாருக்கு வணக்கம். படகு ஓடும்போது கிளப்புகிற அலையைத்தான் ஆங்கிலத்தில் ‘வேக்’ (wake) என்கிறார்கள். அந்த அலையை எழுப்பக்கூடாத நீர்ப்பகுதி ‘நோ வேக் ஸோன்’. அங்கே நடும் பலகைக்குத்தான் தமிழ் தேடுகிறோம்.

> ‘வேகக் கட்டுப்பாட்டு வலயம்’ என்றாலே போதுமே, எல்லாருக்கும் விளங்கும்.

விளங்கும்தான் அக்கா. ஆனால் பலகையை எதற்காக நடுகிறோமோ, அது அந்தச் சொல்லில் இல்லை. வேகம் குறைந்தால் அலையும் குறையும் என்று எப்போதும் சொல்ல முடியாது. எஞ்சின் போட் ஊர்ந்து போகும்போது அலை சிறியது. வேகம் பிடிக்கத் தொடங்கி, முன்பக்கம் மேலே தூக்கி, பின்பக்கம் அமிழ்ந்து, தண்ணீரை உழுதுகொண்டு போகிற இடைவேகத்தில்தான் பெரிய அலை எழும். இன்னும் வேகமெடுத்து நீர்மேல் வழுக்கத் தொடங்கினால் தணியும். ஆக, பாய்ந்து வந்தவர் பலகையைக் கண்டு பாதி வேகத்துக்கு இறங்கினால், கரையை முன்னிலும் அதிகமாக அரித்துவிட்டுப் போகக்கூடும். அலையின் உயரம் 2 மடங்கானால் ஆற்றல் 4 மடங்கு. கொழும்புக் கால்வாய்கள் போன்ற ஒடுங்கிய இடத்தில் அது பரந்து தணியவும் வழியில்லை. ஒரு கரையில் மோதித் திரும்பி மறுகரையிலும் மோதும்.

கொழும்புக்கு அருகே தலங்கம வாவிப் பக்கம் போகிறவர்கள் முக்குளிப்பான் கூட்டைப் பார்த்திருப்பீர்கள். அழுகிய நீர்ச்செடிகளைக் குவித்து, நாணல் தண்டோடு கோத்துவிட்ட மிதக்கும் மேடு. நீர்மட்டத்துக்கு மேல் சில விரற்கடைதான் இருக்கும். ஆளைக் கண்டதும் பறவை முட்டைகளைச் செடிகொடியால் மூடிவிட்டு நழுவிவிடும். அந்த மூடல் காகத்தை ஏமாற்றும், அலையை என்ன செய்யும்? இலைக்கோழி இன்னும் பாவம், மிதக்கும் இலைகள் மேலேயே முட்டையிடும்.

ராம்சார் (ஈரநிலங்களைக் காக்கும் சர்வதேச உடன்படிக்கை) ஈரநில நகரம் என்று 2018இல் முதன்முதலாக அங்கீகாரம் பெற்ற 18 நகரங்களில் கொழும்பும் ஒன்று. அதே ஊரில் உல்லாசப் படகுத்துறையும் கேட்கிறோம். (‘மெரினா’ என்று எழுதினால் நம்மவர்களுக்குச் சென்னைக் கடற்கரைதான் ஞாபகம் வரும், அதனால் ‘உல்லாசப் படகுத்துறை’யே இருக்கட்டும்.) படகே வேண்டாம் என்பது என் கட்சியல்ல. பேர வாவியில் துடுப்பு வலிக்கிற பிள்ளைகளுக்கும் இந்த அலை தொல்லைதான்.

சரி, சொல்லுக்கு வருவோம்.

‘பின்னலை’ அழகான சொல், ஆனால் ‘பின்னலை அவிழ்த்தாள்’ என்பதும் அதே எழுத்துதான். ‘அலைதடுப்பு வலயம்’ என்றால் துறைமுகத்து அலைதாங்கிச் சுவரை நினைப்பார்கள். ‘அமைதி வலயம்’ வைத்தியசாலை வாசலில் ஹோர்ன் அடிக்காதே என்பதுபோல் கேட்கிறது. சத்தமில்லாத படகும் அலை எழுப்பும்.

என் முன்மொழிவு: படகு கிளப்புகிற அலைக்குப் ‘படகலை’. கடலலை, பேரலை வரிசையில் தயக்கமில்லாமல் உட்காருகிறது. வலயத்துக்குப் ‘படகலை தவிர் வலயம்’. இலங்கையில் ‘மண்டலம்’ வேண்டாம், ‘வலயம்’தான் பழக்கம். நீர், காற்று போன்றவற்றின் ஓட்டத்தை ஆராயும் பாய்ம இயக்கவியலில் ‘வேக்’ என்ற அதே ஆங்கிலச் சொல்லுக்கு வேறு பொருள் உண்டு. அதற்கு ‘நீர்ச்சுவடு’ போன்ற ஒன்றைத் தனியாகப் பார்ப்போம், இதோடு கலக்க வேண்டாம்.

> பலகையில் இவ்வளவு நீளமா?

அகராதிக்கும் சட்டத்துக்கும்தான் அந்த நீளம். பலகையில் ‘அலை எழுப்பாதீர்’, அவ்வளவுதான். படகோட்டி திரும்பித் தன் பின்னால் ஒருமுறை பார்த்தால் போதும், கட்டளைக்குப் பணிகிறாரா இல்லையா என்று அவருக்கே தெரியும். வேகமானியே இல்லாத வள்ளக்காரருக்கும் இது பொருந்தும். இன்னொன்று: பலகையை நாணல் திட்டுக்கு நேரே நடக்கூடாது. படகு மெதுவானாலும் முன்பு கிளப்பிய அலை ஓடிவந்து கரையில் அடிக்கும். அதனால் சட்ட வரையறையில் ‘வலயத்துக்குள் அலை வந்து சேராதபடி’ என்ற தொடரும் வேண்டும்.

மட்டக்குளி, முகத்துவாரம், நீர்கொழும்புப் பக்கம் இருக்கிறவர்கள் வள்ளக்காரர்களிடம் கேட்டு எழுதுங்கள். பெரிய போட் கடந்து போனதும் வள்ளத்தைத் தூக்கிப்போடுகிற அலைக்கு அவர்கள் வாயில் ஏற்கெனவே ஒரு சொல் இருந்தால், ‘படகலை’யை விட்டுவிட்டு அதையே எடுத்துக்கொள்வோம்.